பாசம் மட்டும் இல்லை: பறவையும் விலங்கும் பிள்ளை வளர்க்கும் கணக்கு

சிங்கப்பூரில் விலங்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் அது குட்டிகளைப் பற்றித்தான் இருக்கும். காலாங் ஆற்றோரம் வரிசையாகப் போகும் நீர்நாய்க் குடும்பம், காரிடார்ச் செடியில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு, பாசிர் ரிஸ் பக்கம் குஞ்சுகளோடு மேயும் கோழி. படம் வாட்ஸ்அப்பில் வரும்போது கூடவே ஒரு வரியும் வரும்: "தாய்ப்பாசத்துக்கு ஈடு ஏது!" அதே குழுவில் இன்னொரு நாள், இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவை தன் குஞ்சையே கொன்று தின்றதாக ஒரு செய்தி வரும். உடனே, "இதெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்பார்கள்.

முதல் வரியில் விளக்கம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஊட்டுவதும் காப்பதும் ஒரு காரணத்தால் நடக்கிறது, கைவிடுவதும் கொல்வதும் வேறு ஏதோ கோளாறால் நடக்கிறது என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதைப் புரிந்துகொள்ள உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

## "இனம் அழியாமல் இருக்க" என்பது ஏன் சரியில்லை

பள்ளியிலிருந்தே நம் காதில் விழுந்த விடை இது: விலங்குகள் தம் இனம் அழியாமல் இருக்கக் குட்டிகளைக் காக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தத் தேன்சிட்டுக்கும் தேன்சிட்டு இனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த புளோக்கில் உள்ள கூட்டைப் பற்றி அதற்கு அக்கறையும் இல்லை.

நடப்பது வேறு. இரண்டு தேன்சிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குஞ்சு வாயைத் திறந்தால் விடாமல் ஊட்டும் இயல்போடு பிறந்தது. இன்னொன்று அந்த இயல்பு குறைவாகப் பிறந்தது. முதலாவதின் குஞ்சுகள் அதிகமாகப் பிழைக்கும். அந்தக் குஞ்சுகளிலும் ஊட்டும் இயல்பு இருக்கும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், கடைசியில் நாம் பார்க்கும் தேன்சிட்டுகள் எல்லாமே விடாமல் ஊட்டுகிறவையாகத்தான் இருக்கும். பிழைப்புக்கு உதவும் பரம்பரைக் குணங்கள் இப்படிப் பெருகுவதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். இதில் யாரும் திட்டம் போடவில்லை. இனத்துக்காக யாரும் தியாகம் செய்யவும் இல்லை.

இதைச் சொன்னால், "அப்படியானால் விலங்குக்குப் பாசமே கிடையாதா?" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அப்படியில்லை. பாலூட்டிகளில் பிரசவத்தின்போதும் பால் கொடுக்கும்போதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. தாயைக் குட்டியோடு பிணைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் உடம்பிலும் சுரப்பது அதேதான். உள்ளே ஒரு பிணைப்பு இருப்பது நிஜம். அந்தப் பிணைப்பு ஏன் உருவானது, எங்கே நிற்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

## ஒரே சம்பளம், பல பிள்ளைகள்

ஒரே சம்பளத்தில் நடக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஓ நிலைத் தேர்வு வருகிறது என்று எல்லாப் பாடத்துக்கும் ட்யூஷன் வைத்தால், நடுவிலுள்ளவளின் நடன வகுப்பை நிறுத்த வேண்டியிருக்கும். கடைக்குட்டிக்கு என்று சேர்த்ததிலும் கை வைக்க நேரும். பெற்றோருக்கு யார் மீதும் பாசம் குறைவில்லை. பணம்தான் ஒரே பை.

விலங்குக்கு அந்தப் பை அதன் உடம்பு. உணவு, நேரம், உயிருக்கு வரும் ஆபத்து எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. இந்தக் குட்டிக்குச் செலவழித்ததை அடுத்த குட்டிக்குச் செலவழிக்க முடியாது. அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் இதற்கு 'பெற்றோர் முதலீடு' என்று பெயர் வைத்தார். ஒரு குட்டி பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக, வேறு குட்டிகளுக்குச் செய்யக்கூடியதைக் குறைத்துக்கொண்டு பெற்றோர் செய்யும் எதுவும் அதில் அடங்கும்.

முதலீட்டைப் பிரிக்கும் வழியில் இரண்டு ஓரங்கள் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலும் தெற்குத் தீவுகளிலும் எப்போதாவது முட்டையிட வரும் அழுங்காமை ஒரு ஓரம். இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறுக்கும் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளை அது பார்ப்பதே இல்லை. இதைப் பொறுப்பில்லாத தாய் என்று சொல்வது தவறு. அலை எட்டாத இடம் தேடுவது, சரியான ஆழத்தில் புதைப்பது, தடம் தெரியாதபடி மணலை வாரிப் போடுவது எல்லாமே பராமரிப்புதான். தன் முதலீடு முழுவதையும் அது முன்கூட்டியே, எண்ணிக்கையில் போட்டுவிடுகிறது.

மறு ஓரம் நீர்நாய். ஒரு ஈற்றில் சில குட்டிகள் மட்டும். கண் திறக்காமல் பிறக்கும். முதல் சில வாரம் வளையை விட்டு வெளியே வராது. இங்கே பலருக்கு ஆச்சரியம் தருவது ஒன்று உண்டு: நீர்நாய்க் குட்டிக்குப் பிறவியிலேயே நீச்சல் கைவராது. பெரியவை அதன் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். குட்டி கத்தும், கரைக்குத் திரும்பும், மறுபடி இழுக்கப்படும். பார்க்கிறவர்கள் சிலர் குட்டியைத் துன்புறுத்துவதாக நினைத்துப் பதறுவார்கள். அதுதான் நீச்சல் வகுப்பு. பெற்றோர் மட்டுமில்லாமல் முந்தைய ஈற்றில் பிறந்த அண்ணன் அக்காக்களும் காவலுக்கு நிற்கும், மீன் கொண்டுவந்து கொடுக்கும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பெற்றோரிடம் இருப்பது அளவான வளம். அதைப் பல முட்டைகளில் பரப்பலாம், சில குட்டிகளில் குவிக்கலாம். எந்தப் பிரிப்பு அதிகக் குஞ்சுகளைப் பிழைக்கவைத்ததோ அதுவே அந்தந்த உயிரினத்தில் நிலைத்தது. மனதுக்குள் யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. கணக்கைப் போடுவது தலைமுறைகள்.

## பிறந்ததும் நடப்பவை, பிறந்தும் கண் திறக்காதவை

பறவைக் குஞ்சுகளைப் பார்த்தவுடன் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தை. கோழிக்குஞ்சு பஞ்சு ரோமத்தோடு, திறந்த கண்ணோடு பொரிக்கிறது. சில மணி நேரத்தில் நடக்கிறது. இந்த வகையை நடைக்குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். தேன்சிட்டு, மைனா, காகத்தின் குஞ்சுகள் ரோமமில்லாமல், கண் மூடி, கழுத்தைத் தூக்கவே திணறும் நிலையில் பொரிக்கின்றன. அவை கூட்டுக்குஞ்சு.

நடைக்குஞ்சின் ஆபத்து வழிதவறிப் போவது. அதனால் அதன் முதல் வேலை, அம்மா யார் என்று மனதில் பதித்துக்கொள்வது. பொரித்த முதல் சில நாளுக்குள் தன் அருகே நடமாடும் உருவத்தைக் குஞ்சு தன்னுடையதாக ஏற்று அதன் பின்னாலேயே போகும். இதற்குப் பதிவு என்று பெயர். ஆஸ்திரிய ஆய்வாளர் கோன்ராட் லோரென்ஸ் 1930களில் வாத்துக் குஞ்சுகளிடம் இதைக் காட்டினார்; பொரித்தவுடன் தன்னைப் பார்த்த குஞ்சுகள் அவர் பின்னாலேயே நடந்தன. 1973இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

கோழியிடம் இந்த உறவு முட்டைக்குள்ளேயே தொடங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பொரிக்கும் நாள் நெருங்கும்போது குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கீச்சிடும். அடைகாக்கும் கோழி மெல்லிய கொக்கரிப்பால் பதில் கொடுக்கும். வெளியே வரும்போது அம்மாவின் குரல் குஞ்சுக்கு ஏற்கெனவே பழக்கம். அப்புறம் கோழி வாயில் ஊட்டுவதில்லை. தீனியைக் கொத்திக் கீழே போட்டு, அதற்கென்றே உள்ள ஒரு குரலில் கூப்பிடும். குஞ்சு பார்த்துக் கொத்தும். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத முதல் நாட்களில் சிறகுக்குள் புகுந்துகொள்ளும். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் ஊரில் சொல்வது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான்.

## குஞ்சு சும்மா இருப்பதில்லை

பெற்றோர் கொடுக்கிறார்கள், குஞ்சு வாங்கிக்கொள்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த விஷயத்தில் அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான்: குஞ்சு வேலை செய்கிறது.

தேன்சிட்டுக் கூட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சிலந்திவலையால் பிணைத்த நீளமான பை. பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேல் சின்னக் கூரை போல ஒரு நீட்டல். பெரியது வந்து கூட்டைத் தொட்டதும் அந்த அசைவுக்கே குஞ்சுகளின் தலை எழும். பளிச்சென்ற நிறத்தில் வாய் விரியும். பல பாடும் பறவைகளில் பெற்றோருக்கு இதுதான் விசை: மிக உயரத்தில், மிக அகலமாக, மிக அருகில் திறந்திருக்கும் வாயில் இரையைத் திணி. பசி மிகுந்த குஞ்சுதான் அதிகமாக எம்பும், அதிகமாகக் கத்தும். வயிறு நிரம்பியதும் அது தளர்ந்துவிடும். அடுத்த குஞ்சின் வாய் முன்னால் வரும். யாருக்கு எத்தனை முறை ஊட்டினோம் என்று பறவை எண்ண வேண்டியதே இல்லை.

ஊட்டிய பிறகு பெரியது உடனே பறக்காமல் ஒரு கணம் நிற்கும். அதையும் கவனியுங்கள். குஞ்சு திரும்பி, பின்பக்கத்தை வாசலுக்கு நேரே தூக்கும். வெள்ளையாக, வழவழப்பான தோல் மூடிய ஒரு சிறு உருண்டை வெளியே வரும். அது எச்சம்தான், ஆனால் பையில் கட்டி வருகிறது. பெரியது அதை அலகில் கவ்விக்கொண்டு தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். கூடு ஈரமாகாது, நோய் பரவாது, வாடை பிடித்து எதிரியும் வராது. குஞ்சு எச்சத்தைப் பையாகக் கொடுப்பதும் அதற்காகப் பெரியது காத்திருப்பதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள்.

இந்தக் குறிகள் எவ்வளவு எளிமையானவை என்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் கடற்காகக் குஞ்சுகளிடம் சோதித்தார். பெற்றோரின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால் பெரியது இரையைக் கக்கிக் கொடுக்கும். வெள்ளை வளையம் தீட்டிய ஒரு சிவப்புக் குச்சியை நீட்டியபோதும் குஞ்சுகள் ஆர்வமாகக் கொத்தின. அம்மாவின் முகம் முழுவதும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

பெற்றோரே இல்லாத ஆமைக்குஞ்சும் சும்மா இருப்பதில்லை. மணலுக்கடியில் பொரித்த குஞ்சுகள் கூட்டமாகச் சேர்ந்து அசைந்து, மேலே உள்ள மணலைச் சரித்துச் சரித்து மேலே வருகின்றன. தனியாக ஒரு குஞ்சு அந்த ஆழத்திலிருந்து ஏறுவது கடினம். வெளியே வந்ததும் தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். நம் கடற்கரையில் அது சாலை விளக்காக இருந்துவிட்டால் குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகும். ஆமை முட்டையிடும் இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

சுருக்கமாக: குஞ்சு ஒரு குறியைக் காட்டுகிறது, பெரியது அந்தக் குறிக்குப் பதில் செய்கிறது. இருவருமே எளிய விதிகளில் இயங்குகிறார்கள். இந்த எளிமையில்தான் ஏமாற்றவும் இடம் இருக்கிறது.

## காகம் முட்டாளா?

விடியுமுன்னே நம்மை எழுப்பிவிடும் குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் வீட்டுக்காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. குயில் முட்டை காக முட்டையை விடச் சிறிது, ஆனால் நிறத்திலும் புள்ளியிலும் அதைப் போலவே இருக்கும். சில நாள் முந்திப் பொரிக்கும். முந்திப் பொரித்த குஞ்சு முந்தி வாயைத் திறக்கும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகால் உருட்டித் தள்ளிவிடும். நம் குயில்குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்து வளரும், ஊட்டலில் போட்டி போடும்.

அறிவுக்குப் பெயர்போன காகம் இதைக் கண்டுபிடிக்காதா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோமே. சிக்கல் என்னவென்றால், குஞ்சைப் பார்த்து 'என்னுடையது' என்று காகம் உறுதி செய்வதில்லை. என் கூட்டில் இருக்கிறது, வாயைத் திறக்கிறது, ஆகவே ஊட்டு. எப்போதோ வரும் குயிலுக்காக இந்த விதியைக் கடுமையாக்கினால், கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும் சொந்தக் குஞ்சையும் பட்டினி போடும் ஆபத்து வரும். அந்தத் தவறு குயிலை வளர்ப்பதை விடப் பெரிய இழப்பு. ஆகவே விதி தளர்வாகவே நிற்கிறது. அந்தத் தளர்வில் குயில் பிழைக்கிறது.

## அப்பாக்கள்

தாய் தாய் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பாலூட்டிகளில் பால் தாயிடம்தான் என்பதால் சுமை அந்தப் பக்கம் சாய்கிறது. மற்ற இடங்களில் அப்படியில்லை. நம் கடலிலும் உள்ள கடற்குதிரையில் முட்டையைத் தன் வயிற்றுப் பையில் சுமந்து குட்டிகளை வெளியே விடுவது ஆண். நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுகிறவர்களுக்குத் தோமான் தெரியும். நம் விராலின் பெரிய உறவு. அதன் செந்நிறக் குஞ்சுகள் மூச்செடுக்கக் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வரும்போது, கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். நெருங்கியது எதுவானாலும் பாயும்.

புறாவைச் சொல்லாமல் விட முடியாது. ஆண் புறா, பெண் புறா இரண்டின் தொண்டைப்பையிலும் குஞ்சு பொரிக்கும் சமயத்தில் தயிர்க்கட்டி போன்ற சத்தான பொருள் உருவாகிறது. புறாப்பால் என்பார்கள். முதல் சில நாள் குஞ்சுக்கு அதுதான் உணவு. மற்ற பறவைகள் குஞ்சுக்குப் பூச்சி தேடி அலையும்போது, புறா தான் தின்ற தானியத்திலிருந்தே குஞ்சுக்கு வேண்டியதைத் தயாரித்துவிடுகிறது. வருடம் முழுக்க அது குஞ்சு பொரிக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## இருவாச்சி ஏன் தன் குஞ்சைத் தின்றது

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். இருவாச்சி சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போன பறவை. 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி காணப்பட்டது. பெரிய பொந்துள்ள பழைய மரங்கள் போதவில்லை என்பதால் ஆய்வாளர்கள் கூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். சிலவற்றுக்குள் கேமராவும் பொருத்தினார்கள்.

பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். இரண்டு மாதத்துக்கும் மேல் அது உள்ளேயே இருக்கும். தனக்கும் குஞ்சுகளுக்கும் வெளியிலிருந்து ஆண் கொண்டுவரும் பழமும் பூச்சியும் பல்லியும்தான் உணவு. குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் உண்மையாகவே ஒருவர்தான்.

கோழி எல்லா முட்டையும் இட்டு முடித்த பிறகுதான் அடைகாக்கத் தொடங்கும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கும். இருவாச்சி அதற்கு முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகளுக்குள் பல நாள் வயது வித்தியாசம் வந்துவிடுகிறது. மூத்தது பெரிதாக இருக்கும்போது கடைசிக் குஞ்சு சுருங்கிக் கிடக்கும். உணவு தாராளமாக வந்தால் எல்லாம் வளரும். வராவிட்டால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எல்லாவற்றையும் பலவீனமாக்குவதா, அல்லது வளரக்கூடியதை மட்டும் வளர்ப்பதா? சிங்கப்பூரின் கூட்டுப் பெட்டிக் கேமராக்களில் தாய் சிறிய குஞ்சைக் கொன்று, தின்றும் மற்றக் குஞ்சுக்கு ஊட்டியும் இருப்பது பதிவாகியிருக்கிறது.

பார்க்க மனசு தாங்காத காட்சி, சந்தேகமில்லை. ஆனால் மாதக்கணக்கில் இருட்டில் அடைந்து கிடந்து குஞ்சு வளர்த்ததும் அதே தாய்தான். ஒரே பையிலிருந்து செலவழிப்பதன் மறுபக்கம் இது. கடைசி முட்டை, நல்ல பருவம் அமைந்தால் கூடுதல் குஞ்சு. அமையாவிட்டால் மற்றவற்றைக் காப்பாற்றும் இழப்பு.

## பால் மறக்கவைக்கும் சண்டை

மெக்ரிட்சி பக்கம் நடக்கும்போது குரங்குக் குட்டி தாயின் முலையைத் தேடி வருவதையும், தாய் அதைக் கையால் விலக்குவதையும், குட்டி தரையில் விழுந்து கிறீச்சிடுவதையும் பார்த்திருக்கலாம். டிரிவர்ஸ் 1974இல் இதை விளக்கினார். தாய்க்கு இந்தக் குட்டியும் இனி பிறக்கப்போகும் குட்டியும் சமம். இரண்டுக்கும் அவளுடைய மரபணுக்களில் பாதி போகிறது. ஆனால் குட்டியின் பக்கம் நின்று பார்த்தால், தான் முழுசாகத் தான். தம்பியோ தங்கையோ அதில் பாதி, தகப்பன் வேறானால் அதிலும் குறைவு. அதனால் தாய் நிறுத்த நினைக்கும் நாளுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் பால் வேண்டும் என்று குட்டி போராடும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொஞ்ச நாளில் சண்டை தானாகவே ஓய்ந்துவிடும், ஏனென்றால் பால் கொடுக்காத தாயிடம் கத்துவதை விட இலை தேடுவது குட்டிக்கே லாபமாகிவிடும்.

## புளோக்கின் கீழே கிடக்கும் குஞ்சு

தெரிந்துகொண்டதைப் பயன்படுத்த நமக்கு அடிக்கடி வாய்ப்பு வருவது இங்கேதான். மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும் என்று பரவலாக நம்புகிறார்கள். அது சரியில்லை. காகத்தைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: பறவை இடத்தையும் குரலையும் திறந்த வாயையும் வைத்துத்தான் ஊட்டுகிறது. நம் கை வாடையைச் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை. இத்தனை நாள் செலவழித்த குஞ்சை அவ்வளவு லேசில் விட்டுவிடாது.

ரோமம் முளைக்காத குஞ்சு கீழே கிடந்தால், கூடு கண்ணுக்குத் தெரிந்து கை எட்டினால், மெல்ல எடுத்துத் திரும்ப வைக்கலாம். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் மைனா அல்லது கொண்டைக்குருவிக் குஞ்சு என்றால் அது விழுந்தது இல்லை; கூட்டை விட்டு வெளியே வந்து பறக்கப் பழகும் பருவம். பெற்றோர் தரையிலேயே வந்து ஊட்டுவார்கள். அதை வீட்டுக்குத் தூக்கிப்போய் ரொட்டியும் பாலும் கொடுப்பதுதான் பெரிய கெடுதல். பாதையில் கிடந்தால், பூனை சுற்றினால், பக்கத்துப் புதருக்கு நகர்த்தி வைத்தால் போதும். காயம் தெரிந்தால் ஏக்கர்ஸ் போன்ற மீட்பு அமைப்பை அழையுங்கள்.

பெற்றோர் வருகிறார்களா என்று பார்க்க விரும்பினால் நன்றாகத் தள்ளி, தூண் மறைவில் நில்லுங்கள். நீங்கள் குஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும் வரை அலகில் புழுவோடு மேலே கிளையில் காத்திருக்கும் பறவை இறங்காது.